தடைக்காலத்தில் கூடிய கத்திக்காரர்கள்

வடசென்னை, கத்தி என்று ஒரே மூச்சில் சொன்னால் பலருக்கும் அடிதடிதான் நினைவுக்கு வருகிறது. அந்த நினைப்பின் மேல் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. காசிமேட்டில் விடிவதற்கு முன்பே எத்தனையோ பெண்களின் கையில் கத்தி இருக்கிறது. வஞ்சிரத்தைத் துண்டு போடுகிறார்கள், சங்கராவின் செதிலைச் சுரண்டுகிறார்கள், சுறாவின் தோலை உரிக்கிறார்கள். மாலை வரை அந்தக் கத்தியால்தான் பிழைப்பு. அப்படிப்பட்ட கத்திகளைக் கையால் செய்கிறவர்கள் தண்டையார்பேட்டையில் ஒரு பட்டறையில் கூடப்போகிறார்கள் என்று நண்பர் சொன்னதும் கிளம்பிவிட்டேன்.

புறநகர் ரயிலில் போய் ராயபுரத்தில் இறங்கினேன். மெட்ரோவில் போனால் தண்டையார்பேட்டைக்கு நேராகவே போய்விடலாம். ஆனால் 1856-இல் திறந்த அந்த நிலையத்தின் தூண்களைப் பார்க்காமல் இந்தப் பக்கம் வந்துபோக எனக்கு மனம் வராது. அங்கிருந்து ஷேர் ஆட்டோ. மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடை என்பதால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை, ஆகவே சந்தையில் கொஞ்சம் மீன் இருந்தது. கூட்டத்தை இந்த மாதத்தில் வைத்ததற்கும் தடைக்காலம்தான் காரணம். மீன் வெட்டும் பெண்களுக்கு வந்து உட்கார இப்போதுதான் நேரம் கிடைக்கும்.

பட்டறைக்குள் பகலிலும் இருட்டு. தகரக் கூரை, ஒரே ஒரு சின்ன ஜன்னல். வெளிச்சம் கூடினால் காய்ந்த இரும்பின் நிறம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, அதனால்தான் இப்படிக் கட்டியது என்றார் பட்டறைக்காரப் பெரியவர். நங்கூரமும் தச்சர் உளியும் அடித்துப் பழகிய கை அவருடையது. கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்திருந்தவர்கள் பெரும்பாலும் பொறியியல் படித்த இளைஞர்கள், விடுமுறை நாட்களில் கத்தி செய்கிறவர்கள். அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தியிலிருந்தும் ஒருவர் வந்திருந்தார். சுவர் ஓரமாக லாரிகளின் பழைய லீஃப் ஸ்பிரிங்குகள், அதாவது அதிர்ச்சி தாங்கும் எஃகுப் பட்டைகள், அடுக்கியிருந்தன. எண்ணூரில் லாரியும் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிளும் பெரம்பூரில் ரயில் பெட்டியும் செய்து வளர்ந்த பகுதி இது. நல்ல எஃகுக்கு இங்கே பஞ்சமே இருந்ததில்லை. ஆனால் ஓடித் தேய்ந்த ஸ்பிரிங்கில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். பெரியவர் ஒவ்வொரு துண்டையும் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்ட பிறகுதான் உலையில் வைத்தார்.

அன்று நான் மறக்க முடியாதபடி பார்த்தது பதம் போடுவதைத்தான், அதாவது காய்ச்சிய எஃகை முக்கிக் கடினமாக்குவதை. கோவைத் தம்பி ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டி வைத்திருந்தார். சுமார் 770 டிகிரி செல்சியஸில் இரும்பு காந்தத்தில் ஒட்டுவதை நிறுத்திவிடும். அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் சூடு ஏற்றி எண்ணெயில் முக்க வேண்டும். பெரியவர் காந்தத்தைப் பார்க்கவே இல்லை. உலையையே பார்த்துக்கொண்டிருந்தவர், “இப்போது ஒட்டாது தம்பி, வைத்துப் பாருங்கள்” என்றார். வைத்தார்கள். ஒட்டவில்லை. அங்கிருந்த அத்தனை பேரும் கைதட்டினோம்.

அதற்கு அடுத்த படியில் இரண்டு பேரும் வேறு வேறு வழியில் போனார்கள். முக்கி எடுத்த எஃகு கடினமாகத்தான் இருக்கும், ஆனால் கீழே விழுந்தால் உடைந்துவிடும். தம்பியின் முறையில் அதை மின் உலையில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், இரண்டு தடவை வைக்க வேண்டும். பெரியவர் கத்தியின் வாய்ப்பக்கத்தை மட்டும் முக்கி எடுத்தார். உடனே கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கினார். முதுகில் மிச்சமிருந்த சூடு மெல்ல வாய்ப்பக்கம் இறங்கியது, எஃகின் மேல் இளமஞ்சள் பரவியது. அது பழுப்பாக மாறத் தொடங்கும் முன் முழுவதையும் முக்கிவிட்டார். முதுகு உடையாமல் வளைந்து கொடுக்கும், வாய் கூர் நிற்கும். தம்பி அதைத் திரும்பத் திரும்பச் செய்துகாட்டச் சொன்னார். பெரியவர் சலிக்காமல் செய்தார்.

பிறகு உடைத்துப் பார்த்தார்கள். வேண்டுமென்றே சூட்டை மிஞ்சவிட்ட ஒரு துண்டை வைஸ் என்னும் இறுக்குப்பிடியில் வைத்து ஒடித்தபோது, உடைந்த இடத்தில் சர்க்கரையைப் போலப் பெரிய மணிகள் மின்னின. சரியான சூட்டில் எடுத்த துண்டில் மணியே தெரியவில்லை, மங்கிய சாம்பல் நிறம்தான். திருப்பாச்சேத்திக்காரர் தன் பையிலிருந்து, தன் கையால் கெட்டுப்போன ஒரு துண்டை எடுத்து எல்லாரிடமும் சுற்றுக்கு விட்டார். தொழில் ரகசியம் என்று யாரும் எதையும் மூடிவைக்கவில்லை. நான் பார்த்த எத்தனையோ தொழில்களில் இது அபூர்வம்.

மதியம் பிரியாணி. ஆயுதச் சட்டத்தைப் பற்றியும் பேச்சு வந்தது. 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டும் கத்தி வீட்டு வேலைக்கோ, விவசாயத்துக்கோ, தொழிலுக்கோ, அறிவியல் பயனுக்கோ செய்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் விதிகள் குறுக்கே வரும். சண்டைக் கத்தி கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவதாக எல்லாரும் சொன்னார்கள். அதைக் கேட்டபோது எனக்கு நிறைவாக இருந்தது.

சாயங்காலம் மீன் வெட்டும் அக்காக்கள் வந்தார்கள். பெங்களூர்க்காரர் பழைய கைலித் துணியை மடித்து அடுக்கி, எபாக்சிப் பசையில் ஊறவைத்து இறுக்கி, அதிலிருந்து பிடி செய்திருந்தார். இழைத்த இடத்தில் கைலியின் கட்டங்கள் அலையலையாகத் தெரிந்தன. மரப்பிடி உப்புத் தண்ணீரில் ஊறி உப்பும், ஆணி தளரும். இந்தப் பிடிக்கு அந்தத் தொல்லை கிடையாது. துருப்பிடிக்காத எஃகில் ஒன்று, கார்பன் எஃகில் ஒன்று என்று இரண்டு கத்தி கொடுத்தார்கள். ஓர் அக்கா இரண்டிலும் கானாங்கெளுத்தி வெட்டிப் பார்த்தார். துருப்பிடிக்காததைத் தள்ளி வைத்தார். “கூர் மழுங்கினால் இதைத் தீட்ட நேரம் பிடிக்கும் தம்பி. எனக்கு அடுத்த ஆள் காத்துக்கொண்டிருப்பார். துருவை நான் துடைத்துக்கொள்வேன்” என்றார். பிடி பிடித்திருந்தது, ஆனால் கை வழுக்காமலிருக்க முன்பக்கம் ஒரு மேடு வேண்டும் என்றார். பிடிக்கு அருகே கத்தியின் மூலை விரலைக் கிழிக்கும், அதை மழுக்க வேண்டும் என்றார். அந்த மூலையை அங்கேயே பெல்ட் கிரைண்டரில் உருட்டிக் கொடுத்தார்கள். மேடு வைத்த புதுப் பிடியோடு, ஜூன் 14-க்குப் பிறகு விசைப்படகுகள் கரைசேரும் ஒரு விடியற்காலையில் துறைமுகத்துக்கே வருவதாகப் பெங்களூர்க்காரர் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். நானும் போகிறேன்.