செவலை விழுங்கிய நூல்

ஜூன் 18

மதியம் மூன்று மணி வெயிலில் டவுனிலிருந்து ஓர் அக்கா வந்தார். கையில் கட்டைப்பை, பைக்குள் துண்டு சுற்றிய செவலைப் பூனை. கடுவன், இரண்டு வயது, 3.8 கிலோ.

“நேத்து சாயங்காலத்துல இருந்து ஒண்ணும் திங்க மாட்டேக்கான் டாக்டரம்மா. தண்ணி குடிச்சாலும் கக்கிருதான்.”

காய்ச்சல் இல்லை. வயிற்றைத் தொட்டால் லேசாக இறுக்கிக்கொண்டது. வாயைத் திறக்கப் போனேன், சீறியது, விட்டுவிட்டேன். மீனோ முடியுருண்டையோ ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, வாந்தி நிற்க ஊசி போட்டு, தோலுக்கடியில் 100 மில்லி ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர் ஏற்றி அனுப்பினேன். நாளையும் சாப்பிடாவிட்டால் உடனே தூக்கி வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 19, நள்ளிரவு

காலையில் கடை திறக்கும் நேரத்துக்கே அக்கா வாசலில் நின்றார். செவலைக்குக் கண் உள்ளே போயிருந்தது. முதுகுத் தோலைக் கிள்ளிவிட்டால் அப்படியே கூடாரம் மாதிரி நின்றது.

நேற்று கேட்க வேண்டியதை இன்றுதான் கேட்டேன்: வீட்டில் என்ன வேலை நடக்கிறது?

“பூக்கட்டுதோம். திருவிழா வரப்போகுதுல்லா, ராப்பகலா கட்டு. இவன் நூல்கண்டை உருட்டிக்கிட்டே கெடப்பான்.”

உடனே வாயைப் பார்த்தேன். பூனையின் நாக்கடியைப் பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு கையால் தலையை மேலே நிமிர்த்தி வாயைத் திறந்து, இன்னொரு கையின் கட்டை விரலால் தாடைக்கு அடியில், வெளியிலிருந்து மேல்நோக்கி அழுத்த வேண்டும். நாக்கு தானாக மேலே எழும்பும். எழும்பியது. அடியில் வெள்ளை நூல் ஒன்று சுற்றி, சதைக்குள் சிவப்புக் கோடாக இறங்கியிருந்தது. நேற்றும் இது அங்கேதான் இருந்திருக்கும். ஒரு சீறலுக்கு நான் கையை எடுத்திருக்கக் கூடாது.

மாலை கோக்க ஊசியும் வைத்திருப்பதாக அக்கா சொன்னதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பக்கவாட்டில் ஒன்று, மல்லாக்கக் கிடத்தி ஒன்று என்று இரண்டு எக்ஸ்ரே எடுத்தோம். ஊசி இருந்தால் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். இல்லை. நூல் எக்ஸ்ரேயில் தெரியாது, சுற்றியுள்ள சதையோடு கலந்துவிடும். குடல் என்ன பாடுபடுகிறது என்பது தெரியும். நாக்கில் மாட்டிய நூலைக் குடல் கீழே தள்ளப் பார்க்கிறது. நூல் வராது. அதனால் குடல்தான் நூல் மேல் ஏறி ஏறிச் சுருங்குகிறது, பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குமே, அதேபோல. படத்தில் குடல் முழுக்க ஓரிடத்தில் குவிந்து கிடந்தது. நீளமாக இருக்க வேண்டிய காற்று, காற்புள்ளி காற்புள்ளியாகச் சிதறியிருந்தது.

அப்புறம் வயிற்று முடியை மழித்து, ஜெல் தடவி ஸ்கேன் வைத்தேன். மடிப்பு மடிப்பாகக் குடல், அதன் நடுவே மின்னும் ஒரு கோடு. குடலுக்கு வெளியே நீர் சேரவில்லை, அதுவே பெரிய ஆறுதல். சாயங்காலம் வரை நரம்பில் நீர் ஏற்றித் தேற்றிவிட்டு மேசையில் ஏற்றினோம்.

மயக்கம் கொடுத்ததும் முதல் வேலை நாக்கடி நூலை வெட்டியது. பிறகு குடலில் இரண்டு இடத்தில் திறந்து, நூலைத் துண்டு துண்டாக எடுத்தேன். ஒரே இழுப்பில் இழுத்தால் கத்தி மாதிரிக் குடலை அறுத்துவிடும். கடைசித் துண்டு வந்ததும் சுருங்கிய குடல் மெல்ல மெல்ல நெளிந்து நீண்டது. பார்த்துக்கொண்டே நின்றேன். உள்வளைவில் சிவந்திருக்கிறது, ஓட்டை இல்லை. வெளியே வந்த நூலைச் சேர்த்து அளந்தால் முக்கால் மீட்டர்.

ஜூன் 20

படுத்திருக்கிறது. நீர் ஏறுகிறது. வலி ஊசி போட்டாயிற்று.

பூனை வளர்ப்பவர்களுக்கு ஒன்று. வாயிலோ பின்னாலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். மறுமுனை எங்கே மாட்டியிருக்கிறது என்று வெளியே நிற்கும் யாருக்கும் தெரியாது. அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள். பூனை ஏன் துப்பாது என்று கேட்கிறார்கள். நாக்கை உங்கள் கையில் நக்கவிட்டுப் பாருங்கள், அந்தச் சொரசொரப்பெல்லாம் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்த முள். அதில் சிக்கிய நூல் உள்ளேதான் போகும்.

ஜூன் 21

மேலப்பாளையத்திலிருந்து ஒரு கடுவன். இரண்டு நாளாக மண் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கியிருக்கிறது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்திருக்கிறார்கள். வயிற்றில் கை வைத்தேன், மூத்திரப்பை சாத்துக்குடி அளவுக்குக் கல்லாக இருந்தது. படமெல்லாம் அப்புறம். முதலில் இரத்தம் எடுத்தோம், பொட்டாசியம் 8.1. மூத்திரம் அடைத்தால் பொட்டாசியம் உடம்பிலேயே தேங்கும், அளவு மீறினால் இதயத்தை நிறுத்திவிடும். இசிஜியைப் பார்த்துக்கொண்டே கால்சியம் குளுக்கோனேட் மெதுவாக ஏற்றி, பிறகு குழாய் போட்டு அடைப்பை எடுத்தேன். இரத்தம் கலந்த மூத்திரம் கொட்டியது. நிலைமை தேறியபின் ஸ்கேன். பையைக் கையால் லேசாகக் குலுக்கினால் மணல் எழும்பிச் சுழன்று அடங்கியது. எக்ஸ்ரேயில் கல் இல்லை.

கடுவனுக்கு மூத்திரக் குழாய் மிகவும் குறுகல். முக்குகிறது, சொட்டு வரவில்லை என்றால் அது அன்றே, அந்த மணியே பார்க்க வேண்டிய கேஸ். காலை வரை தள்ளிப்போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜூன் 23

செவலைக்கு நான்காம் நாள். குடல் தையல் கசிவதென்றால் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான். உடம்புச் சூடு 102, பூனைக்கு அது இயல்புதான். மணிக்கொரு தடவை வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். ஸ்கேனில் நீர் இல்லை. ஆனால் குழைவு உணவை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்புகிறது. பூனை பல நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்துவிடும், அது இன்னொரு நோய். இரவு உறக்கமில்லை.

ஜூன் 24

அக்கா ஒரு சின்னத் தூக்கில் சாளை மீன் அவித்துக் கொண்டுவந்தார், உப்பு புளி ஒன்றும் போடாமல். முள் எடுத்து, வெதுவெதுப்பாக விரல் நுனியில் வைத்து நீட்டினார். “தின்னுல எய்யா.” மோந்தது. நக்கியது. பிறகு விரலோடு சேர்த்துக் கடித்தது. அக்கா அழுதுவிட்டார், எனக்கும் தொண்டை அடைத்தது.

மேலப்பாளையத்துக்காரன் குழாய் எடுத்தபின் தானாக மூத்திரம் போகிறான். நிறையத் தண்ணீர் உள்ளே போகும்படி ஈரமான உணவாகக் கொடுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினேன்.

ஜூலை 1

செவலைக்கு வெளித்தையல் பிரித்தேன். 3.7 கிலோ. கோயிலில் கொடியேறிவிட்டது, அக்காவுக்கு மூச்சுவிட நேரமில்லை, இருந்தும் பையோடு வந்துவிட்டார்.

“நூலை விட்டுட்டு வாழநாருக்கே மாறிரட்டுமா டாக்டரம்மா?”

நாரும் நூல் மாதிரிதான் அக்கா, அதையும் விழுங்கும் என்றேன். கொஞ்சம் யோசித்தார். “அப்ப ரெண்டையும் சம்படத்துல போட்டு மூடிருதேன்.”

அவர் போனபின், புதிதாக அச்சடிக்கக் கொடுத்திருந்த கேஸ் அட்டையில் வயதுக்கும் எடைக்கும் கீழே ஒரு வரி சேர்க்கச் சொல்லி அச்சகத்துக்குப் போன் செய்தேன்: வீட்டில் என்ன தொழில்?