நெட் லைஃப் சயின்ஸ்: நான்காம் அலகைப் பூஞ்சையின் வழியே படித்த அனுபவம்

ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் பணிக்குமான தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டுக்கு லைஃப் சயின்ஸ் படிப்பவர்களுக்கு நான்காம் அலகு தெரிந்திருக்கும். நோய்க்கிருமிகள், செல்களுக்குள் செய்தி கடத்தப்படும் செல் சமிக்ஞை, புற்றுநோய், நோய் எதிர்ப்பு எல்லாம் அதில்தான் வருகின்றன. முதல் முறை இவற்றைத் தனித்தனி நோட்டில் படித்தேன். வினாத்தாளின் பகுதிகளில் பார்ட் பி கைகொடுத்தது, பார்ட் சி காலை வாரிவிட்டது. அங்கே 75 கேள்விகளில் 25-க்குப் பதில் தர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண், தவறினால் கால் பங்கு கழியும். பூஞ்சையும் புற்றுநோயும் ஒரே கேள்வியில் சேர்ந்து வந்தால் எந்த நோட்டை நினைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீடு நீலகிரியில், மஞ்சூர் பக்கம். ஜூலையில் மூடுபனி இறங்கிவிட்டால் நாலைந்து நாளைக்கு வெயிலே இருக்காது. பையில் கிடந்த நோட்டின் அட்டையில்கூடப் பூசணம் பிடிக்கும். தேயிலைக்குப் பூஞ்சையால் கொப்புள நோய் வருவதும் அந்த நாட்களில்தான். அம்மா ஒரு கொழுந்தைக் கிள்ளி வந்து காட்டினார். மேல்பக்கம் சின்னக் குழி, திருப்பிப் பார்த்தால் அதே இடத்தில் மாவு பூசியது போல வெள்ளை மேடு. "இளங்கொழுந்துலதாம்மா வரும். முத்தின இலையை ஒண்ணும் பண்ணாது" என்றார்.

அந்தப் பேச்சுதான் எனக்கு வழி காட்டியது. பூஞ்சை எப்போதும் காற்றில் இருக்கிறது, அது நுழைவதற்கு ஏற்ற வேளை வேண்டும். ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகளை நாம் எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம். 2 முதல் 3 மைக்ரான் அளவுதான் என்பதால் நுரையீரலின் காற்றறை வரை போய்விடும். அங்கே மேக்ரோபேஜ் என்ற எதிர்ப்புச் செல் வித்துகளை விழுங்கும்; தப்பி முளைத்து இழையானவற்றை நியூட்ரோபில் என்ற வெள்ளணு தாக்கும். புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சையில் நியூட்ரோபில் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே போகும்போது இந்த இரண்டாவது காவல் விழுந்துவிடுகிறது. ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு இந்தத் தொற்று உயிரையே பறிக்கக் காரணம் இதுதான்.

இதைப் புரிந்துகொண்டால் சமிக்ஞைப் பாதை தானாக ஒட்டிக்கொள்ளும். பூஞ்சையின் செல் சுவரில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலியை, நம் எதிர்ப்புச் செல்லின் மேலுள்ள டெக்டின்-1 ஏற்பி பிடிக்கிறது. செல்லுக்குள் சிக் (Syk), கார்டு9 (CARD9) என்ற புரதங்கள் வழியாகச் செய்தி உட்கருவுக்குப் போகிறது. ஐஎல்-23 (IL-23) போன்ற சைட்டோகைன்கள், அதாவது செல்கள் சுரக்கும் செய்திப் புரதங்கள், டிஎச்17 (Th17) என்ற டி செல்களை வளர்க்கின்றன. அவை சுரக்கும் ஐஎல்-17 நியூட்ரோபில்களை அழைத்து வருகிறது. இதைப் பத்து முறையாவது பார்க்காமல் வரைந்து பாருங்கள்.

இனி நான் தடுக்கி விழுந்த இடம். நோய் எதிர்ப்புத் தூண்டப்பட்டால் புற்றுநோய்க் கட்டிக்குக் கெடுதல் என்று கண்ணை மூடிக்கொண்டு குறித்துவிடுவேன். அப்படியில்லை. தொற்றை விரட்டும் அதே ஐஎல்-17, சில கட்டிகளில் புது ரத்தக் குழாய் முளைக்க உதவுகிறது. 2019-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில், மலசீசியா என்ற பூஞ்சை எலிகளின் குடலிலிருந்து கணையத்துக்குப் போய், மேனோஸ் பிணைப்பு லெக்டின் என்ற புரதம் வழியாகக் காம்ப்ளிமென்ட் என்ற எதிர்ப்புப் புரதத் தொடரைத் தூண்டி, கட்டியை வளர்த்தது. ஆம்போடெரிசின் பி என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைக் கொடுத்ததும் வளர்ச்சி மட்டுப்பட்டது. கிருமியை எதிர்க்க அமைந்த ஏற்பாடே கட்டிக்கு உரமாகிறது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு பிடித்திருந்தது.

ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். 2023-இல் இன்னொரு குழு அந்த ஆய்வின் மனிதத் திசுத் தரவை மறுபடி அலசி, அதே இதழில் கேள்வி எழுப்பியது. ஆகவே விடைத் தெரிவுகளில் 'எலியில்', 'மனிதரில்', 'தொடர்புடையது', 'காரணமாகிறது' என்ற சொற்களைப் பென்சிலால் அடிக்கோடிட்டுப் படியுங்கள். இரண்டாம் முறை என் மதிப்பெண் ஏறியதற்குப் பாதிக் காரணம் இந்தப் பழக்கம்தான். மீதி, எல்லா நோட்டையும் ஒன்றாக்கி, ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் ஒரு பூஞ்சையின் பெயரை மட்டும் எழுதியது.

அப்புறம், டிசம்பர் தேர்வுக்கு மலையிலிருந்து கோவை போகிறவர்கள் முந்தின நாளே இறங்கிவிடுங்கள். குன்னூர் - மேட்டுப்பாளையம் சாலையில் அந்த மாதங்களில் மண் சரியும். நான் மதியமே கிளம்பி, கோவையில் அத்தை வீட்டில் தங்கிக்கொண்டேன்.