கைவிடப்பட்ட ராயல் பைத்தான்: அடையாளம் கண்டதும் தேற்றி எடுத்ததும்

கிழக்கு லண்டனில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தள வீட்டில் வாடகைக்கு இருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டுப் போனபோது, விட்டுச்சென்ற பொருட்களுள் ஒரு கண்ணாடித் தொட்டியும் அதற்குள் ஒரு மலைப்பாம்பும் இருந்தன. அந்த வீட்டின் மின்சாரம் முன்பணம் கட்டிப் பயன்படுத்தும் மீட்டரில் ஓடியது. கட்டிய பணம் தீர்ந்ததும் தொட்டியின் வெப்ப விளக்கும் அணைந்துவிட்டது. பங்குனி மாதக் குளிரில், பதினாறு பாகை செல்சியஸ் அறையில், தண்ணீர்க் கிண்ணமும் வற்றிய நிலையில் அது எவ்வளவு காலம் கிடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் தொலைபேசியில் கேட்டுப் பார்த்த காப்பகங்களில் ஊர்வனவற்றுக்கு இடம் இருக்கவில்லை. முன்பு சோளப் பாம்பு வளர்த்த அனுபவம் எனக்கு இருந்தமையால், இடம் கிடைக்கும் வரை பார்த்துக்கொள்கிறேன் என்று வாடகை முகவரிடம் எழுத்தில் ஒப்புக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

எழுத்தில் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், ஒரு விலங்கைத் தற்காலிகமாகப் பொறுப்பேற்றவருக்கும் அதன் உரிமையாளருக்கு உள்ள அதே கடமையை விதிக்கிறது. "யாரோ விட்டுப்போனது, நான் சும்மா வைத்திருந்தேன்" என்று பிறகு கைகழுவ முடியாது. தோட்டத்திலோ பூங்காவிலோ விட்டுவிடலாமே என்று கேட்ட அயலவருக்கும் பதில் இருந்தது: இந்த நாட்டுக்கு உரியதல்லாத விலங்கை வெளியே விடுவது 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்க, பிரித்தானியக் குளிரில் அந்தப் பாம்பு பிழைக்காது.

அடுத்த கேள்வி, இது என்ன பாம்பு என்பது. மலைப்பாம்பு என்று தெரிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. என் அம்மா தொட்டியைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "உது வெங்கிணாந்திக் குட்டியடா, வளர்ந்தால் ஆளையே விழுங்கும்" என்றார். ஈழத்தில் வெங்கிணாந்தி என்பது இந்திய மலைப்பாம்பு. வன்னியில் பார்த்த பாம்பை நினைவில் வைத்து அவர் சொன்னது அது. அம்மாவின் ஐயத்தை நான் சிரித்துத் தள்ளவில்லை, ஏனெனில் அது சரியாக இருந்திருந்தால் எல்லாமே மாறியிருக்கும். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையில், மிகக் கடுமையான முதலாவது பின்னிணைப்பில் இந்திய மலைப்பாம்பு உள்ளது. உரிய சான்றிதழ் இல்லாமல் விற்கவோ வாங்கவோ இயலாது. பர்மிய மலைப்பாம்பு அந்தக் கடுமைக்குள் வராது என்றாலும் நான்கைந்து மீற்றர் வரை வளரக்கூடியது. அதை அடுக்குமாடி வீட்டில் வைத்திருப்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். தொலைபேசியில் என்னோடு பேசிய செல்லப்பிராணிக் கடைக்காரரோ, வர்ணனையைக் கேட்டதும், அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த, இரையை இறுக்கிக் கொல்லும் பொவா என்ற பாம்பாக இருக்கும் என்றார்.

ஆகவே ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன். கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்து மேலுதட்டைப் பார்த்தபோது, மூக்குக்குக் கீழிருந்து பின்னோக்கி வரிசையாகச் சிறு குழிகள் தெரிந்தன. இரையின் உடல் வெப்பத்தை உணரும் குழிகள் இவை. பொவா கன்ஸ்ட்ரிக்டரின் உதட்டில் இவ்வாறு வெளிப்படையான குழிகள் இரா. ஆகவே பொவா கழிந்தது. இந்திய, பர்மிய மலைப்பாம்புகளின் உச்சந்தலையில் அம்பு முனை வடிவத்தில் ஒரு கருமையான குறி இருக்கும். பர்மியப் பாம்பில் அது தெளிவாகவும், இந்தியப் பாம்பில் முன்பக்கம் மங்கியும் காணப்படும். இதன் தலையில் அம்பு இல்லை. கரும்பழுப்புத் தலையின் இருபுறமும் மூக்கிலிருந்து கண் வழியாகக் கழுத்து வரை ஒரு வெளிர்மஞ்சள் கோடு ஓடியது. ஆப்பிரிக்கப் பாறை மலைப்பாம்பின் கண்ணுக்குக் கீழே இருக்கும் கரிய முக்கோணமும் இல்லை. உடலில் கருமை அடிநிறமாகவும், அதன்மேல் விலாப்புறங்களில் பொன்பழுப்புத் திட்டுகளும், சில திட்டுகளின் நடுவே ஓரிரு கரும்புள்ளிகளும் இருந்தன. வயிறு வெளிறிய பாலேட்டு நிறம். தடித்த உடல், ஒடுங்கிய கழுத்து, குட்டையான வால். தொட்டியை அசைத்ததும் தலையை நடுவில் புதைத்து உருண்டையாகச் சுருண்டுகொண்டது. அந்தப் பழக்கத்தை வைத்தே அமெரிக்கர்கள் இதைப் பந்து மலைப்பாம்பு என்கிறார்கள். பிரித்தானியாவில் ராயல் பைத்தான். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளுக்கு உரியது. கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளிலிருந்து பல பத்தாண்டுகளாக ஏற்றுமதியாகி வந்தது. வளர்ந்த பெண் பாம்பு பெரும்பாலும் ஒன்றரை மீற்றருக்குள் அடங்கும்.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வளர்ப்போர் இந்த இனத்தில் வெள்ளை, மஞ்சள், கோடு, வலை என்று எண்ணற்ற நிற வகைகளை உருவாக்கிவிட்டார்கள். அவற்றுள் பல, காட்டுப் பாம்பைப் போலத் துளியும் இரா. உதட்டுக் குழியும் தலையின் அமைப்பும் உடல்வாகும் நிறத்தைவிட நம்பகமானவை. அத்துடன், ஸ்பைடர் எனப்படும் வகைக்கு உள்காதின் அமைப்புக் குறைபாட்டால் பிறவியிலேயே தலை ஆட்டமும் சமநிலைக் குறைவும் உண்டு. மீட்ட பாம்பு தலையைத் திருகி வானத்தைப் பார்த்தால் அது பிறவிக் கோளாறா, நரம்பைத் தாக்கும் வைரஸ் நோயா என்ற கேள்வி எழும். அப்போது நிற வகையும் தெரிந்திருப்பது உதவும். எங்களுடையது சாதாரண நிறமே.

உரிமையாளர் எவரும் தேடுகிறாரா என்று அக்கம்பக்கத்தில் அறிவித்தேன். அறிவிப்பில் முழு உடலின் படத்தைப் போடவில்லை. ஒவ்வொரு ராயல் பைத்தானின் விலாத் திட்டுகளும் தனித்தன்மை உடையவை. தன் பாம்பின் பழைய படம் வைத்திருப்பவரே உண்மையான உரிமையாளர் என்று சரிபார்க்க அதுவே வழி. இரண்டு பேர் கேட்டு வந்தார்கள். ஒருவரிடமும் படம் இல்லை. மருத்துவர் ஸ்கேன் செய்து பார்த்ததில் உடலில் மைக்ரோசிப்பும் இல்லை.

இனி, பராமரிப்பு. பசியோடு வந்தவருக்கு முதலில் சோறு போடுவது நம் வழக்கம். என் மனைவியும் முதல் நாளே "பாவம், எலும்பும் தோலுமாக இருக்கிறது, எலி வாங்கி வாருங்கள்" என்றார். முதுகெலும்பு கூரை முகடு மாதிரி துருத்திக்கொண்டிருந்தது உண்மைதான். எடை எழுநூற்றெண்பது கிராம். ஆனால் பாம்புக்கு வெளிச்சூடு இல்லாமல் செரிமானம் இல்லை. குளிர்ந்த உடலுக்குள் போகும் இரை செரிக்காமல் அழுகும், அல்லது வெளியே கக்கப்படும். கக்குவது மெலிந்த பாம்பை மேலும் தளர்த்தும். ஆகவே சூடு, பிறகு நீர், பிறகு தனிமை, கடைசியில்தான் உணவு என்ற வரிசையை வைத்துக்கொண்டேன். மீட்ட ஊர்வனவற்றை அன்பினால் அவசரப்பட்டுக் கொல்கிறவர்கள் அதிகம் என்பது என் கருத்து.

தொட்டியின் ஒரு பக்கத்தில் கம்பிக் கூண்டு போட்ட பீங்கான் வெப்பமூட்டி; அதைக் கட்டுப்படுத்த, குறித்த வெப்பநிலையில் தானாக நிறுத்தும் தெர்மோஸ்டாட். சூடான பக்கத்தில் 31 அல்லது 32 பாகை, குளிர்ந்த பக்கத்தில் 25 பாகை அளவு, இரவிலும் 22 பாகைக்குக் கீழே இறங்காமல் வைத்தேன். தெர்மோஸ்டாட் இல்லாத வெப்பப் பாயோ விளக்கோ கூடவே கூடாது. அடியில் கிடக்கும் சூட்டை இந்தப் பாம்புகள் தவிர்த்து நகராமல் வயிறு வெந்துபோகும் வரை படுத்திருக்கக் கூடும். தெர்மோஸ்டாட்டின் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாமல், இரு பக்கங்களிலும் தனித்தனி டிஜிட்டல் வெப்பமானி வைத்துப் பார்ப்பது நல்லது. இரு பக்கங்களிலும் பாம்பு ஒளிந்துகொள்ள, உடல் இறுக்கமாக அடங்கும் அளவில் ஒளிவிடம் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒளிவிடம் இருந்தால் பாம்பு சூட்டையும் பாதுகாப்பையும் ஒருசேரப் பெற முடியாமல் ஏதேனும் ஒன்றைக் கைவிடும்.

தரையில் மரச்சீவலுக்குப் பதிலாக வெள்ளைச் சமையலறைக் காகிதம் விரித்தேன். அதன் பயன் மறுநாள் காலையிலேயே தெரிந்தது: காகிதத்தின் மேல் கசகசா அளவில் கரும்புள்ளிகள், உற்றுப் பார்த்தால் மெதுவாக நகர்பவை. பாம்பு உண்ணிகள். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியிலும் மூழ்கிச் செத்தவை கிடந்தன. கண்ணைச் சுற்றிய செதில் விளிம்பிலும் தாடையின் கீழ் மடிப்பிலும் அவை பதுங்கியிருந்தன. இரத்தம் குடிப்பதோடு நோயையும் பரப்பக்கூடியவை. முட்டைகளைப் பாம்பின்மேல் இடாமல் தொட்டியின் இடுக்குகளில் இடுபவை. அதனால் பாம்புக்கு மட்டும் மருந்து போட்டால் போதாது. பழைய மரச்சீவலையும் மரக்கட்டைகளையும் கட்டி எறிந்து, தொட்டியின் மூலைகளைக் கொதிநீரால் கழுவி, மருத்துவர் தந்த மருந்தை அவர் சொன்ன அளவில் மட்டும் பயன்படுத்தி, காகிதத்தை அன்றாடம் மாற்றினேன். நாய்க்கும் பூனைக்கும் விற்கும் உண்ணி மருந்தைத் தாமாகவே தெளிப்பவர்கள் உண்டு, செய்யாதீர்கள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், தொட்டிச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதிருப்பதும் எங்கள் வீட்டுச் சட்டமாயின. ஊர்வன சால்மொனெல்லாக் கிருமியைச் சுமக்கக் கூடியவை, வீட்டில் முதியவர் இருக்கிறார்.

சட்டை உரியாத தோல் உடலெங்கும் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணில் இன்னும் மோசம். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் ஒளிபுகும் செதில் ஒவ்வொரு முறையும் சட்டையோடு கழன்று வர வேண்டும். இதன் இடக்கண்ணில் பழைய செதில் கழலாமல், பார்வையை மறைக்கும் அளவுக்குச் சுருக்கம் விழுந்து மங்கியிருந்தது. சாமணத்தால் பிடித்து இழுத்தால் கீழே இருக்கும் உயிருள்ள செதிலும் கிழிந்து கண்ணே போய்விடலாம். ஈரப்பாசி நிரப்பிய மூடிய பெட்டி ஒன்றை உள்ளே வைத்து, காற்றின் ஈரப்பதத்தை 60 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்திக் காத்திருந்தேன். உடலில் ஒட்டியிருந்த தோலை, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துவாலைக்குள் பாம்பை ஊர்ந்து போக விட்டே கழற்றினேன். கண் செதில் அடுத்த சட்டையோடு தானாக வந்தது. உரித்த சட்டையை வெளிச்சத்தில் பிடித்தபோது இடக்கண் இருந்த இடத்தில் இரண்டு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியிருந்தன.

ஊர்வன மருத்துவரைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம். எல்லாக் கால்நடை மருத்துவமனைகளிலும் பாம்பு பார்ப்பதில்லை. கிடைத்த மருத்துவர் பாம்பின் வாயைத் திறந்து ஈறுகளைப் பார்த்தார். சீழோ சளிக் குமிழியோ இல்லை. வாயைத் திறந்துகொண்டு மூச்சு விடுவதும், மூச்சில் கீச்சொலி கேட்பதும் நுரையீரல் தொற்றின் அறிகுறிகள் என்றும், மலைப்பாம்புகளில் அதற்கு ஒரு வைரஸும் காரணமாகலாம் என்றும் சொல்லி, அதற்கான பரிசோதனைக்கு வாயிலிருந்து பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்தார். முடிவு நல்லபடியாக வந்தது. கழிவுத்துளையின் இருபுறமும் இருந்த சிறு முட்களைக் காட்டி இது ஆண்தானே என்று கேட்டேன். இரு பாலுக்கும் அவை உண்டு, அவற்றை வைத்துச் சொல்ல முடியாது என்று கூறி, மெல்லிய உலோகக் கம்பியால் சோதித்துப் பெண் என்று உறுதி செய்தார். பயிற்சி இல்லாதவர் செய்தால் உள்ளே புண்ணாகிவிடும் வேலை அது.

உண்ணி அடங்கி, பாம்பு இரவில் தானாக வெளியே வந்து நாவை நீட்டி மோப்பம் பிடிக்கத் தொடங்கிய பிறகே உணவைப் பற்றி யோசித்தேன். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குள் பெரிய இரை திடீரென்று போனால் இரத்தத்தின் உப்புச் சமநிலை குலைந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று மருத்துவர் எச்சரித்திருந்ததால், வழக்கமான அளவில் பாதிகூட இல்லாத சிறிய உறைந்த எலியை வாங்கினேன். உயிருள்ள எலி கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மூலையில் அகப்பட்ட எலி பாம்பைக் கடித்துக் குதறிய படங்களைப் பார்த்தவர்கள் அதைச் செய்யமாட்டார்கள். உறைந்த எலியைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு முழுவதும் உருகவிட்டு, பிறகு பைக்குள் போட்டுச் சுடுநீரில் வைத்து உடல் வெப்பத்துக்குக் கொண்டுவர வேண்டும். மைக்ரோவேவ் கூடாது, உள்ளே வெந்து வயிறு வெடித்துவிடும். விளக்கை அணைத்து, நீண்ட இடுக்கியால் தலைப்பக்கம் பாம்புக்குத் தெரியும்படி நீட்டினேன். முதலில் தலையைத் திருப்பிக்கொண்டது. எலியைத் தொட்டியில் அலைக்கழிக்காமல் எடுத்துவிட்டு, ஒரு வாரம் தொடாமல் விட்டேன். இந்த இனம் உணவை மறுப்பதில் பேர்பெற்றது. வளர்ந்த ஆரோக்கியமான பாம்பு குளிர்காலம் முழுவதும் உண்ணாமல் இருந்தாலும் வியப்பில்லை. மெலிந்த பாம்புக்கு அந்தச் சலுகை இல்லை என்பதால் வாரந்தோறும் எடை நிறுத்து எழுதி வைத்தேன். அடுத்த முறை நீட்டியபோது கழுத்து மெதுவாகப் பின்வாங்கி வளைந்தது. பிறகு நான் காணும் முன்பே எலி இரண்டு சுருள்களுக்குள் இருந்தது.

உண்ட பின் இரண்டு முழு நாட்கள் தொடக் கூடாது. இரையின் அளவைப் படிப்படியாகக் கூட்டி, இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறிய எலி கொடுக்கிறேன். எடை ஒரு கிலோவைத் தாண்டி, முதுகின் முகடு தசைக்குள் மறைந்துவிட்டது. காப்பகத்தில் இடம் கிடைத்ததாகத் தொலைபேசி வந்தபோது, 120 சென்றிமீற்றர் நீளத் தொட்டி ஏற்கெனவே அறையின் மூலையில் வந்துவிட்டது. நன்றாக வளர்த்தால் முப்பது ஆண்டுகள் வரை வாழும் உயிர் என்பதைக் கணக்கிட்டுத்தான் வைத்துக்கொள்ள முடிவு செய்தோம். எனக்குப் பிறகு யார் பார்ப்பது என்பதை மகளோடு பேசி, அவள் சம்மதித்த பின்பே பாம்புக்கு மைக்ரோசிப் பொருத்தி எங்கள் பெயரில் பதிந்தோம். அம்மா இன்னும் அந்த அறைக்குள் வருவதில்லை. வாசலில் நின்று, இந்த வாரம் சாப்பிட்டதா என்று மட்டும் கேட்பார்.