கெய்ராங்கர் ஃபியோர்டும் பாறை விளிம்பு வீடுகளும்

நார்வே போய்வந்தவர்கள் பெரும்பாலும் அருவியையும் பச்சைத் தண்ணீரையும்தான் படம் பிடித்துப் போடுகிறார்கள். எனக்கு ஃபியோர்டின், அதாவது மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே புகுந்திருக்கும் இடத்தின், பாறைச் சுவரில் பாதி உயரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகளைப் பார்க்க வேண்டும், அதற்காகவே கெய்ராங்கர் போனேன்.

ஓஸ்லோவிலிருந்து ஓலசுண்டுக்கு விமானம், அப்புறம் பஸ்ஸும் படகுமாக ஹெல்லசில்ட் என்ற சின்ன ஊர். அங்கிருந்து கெய்ராங்கருக்குக் கார்களையும் ஏற்றிக்கொண்டு போகிற படகில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். ஜூன் மாதமாக இருந்தாலும் மேல்தளத்தில் காற்று காதை அறுக்கிறது, குல்லாய் கட்டாயம் வேண்டும்.

கெய்ராங்கர் ஃபியோர்டின் நீளம் 15 கிலோமீட்டர்தான். 2005இல் நேரோய் ஃபியோர்டோடு சேர்த்து இதை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பனியுகத்தில் பெரிய பனியாறு மலையை ஆழமாகக் குடைந்துகொண்டு போயிருக்கிறது, பக்கத்திலிருந்த சின்னப் பனியாறுகளால் அவ்வளவு ஆழம் குடைய முடியவில்லை. பனி உருகியபின் கடல் உள்ளே வந்துவிட, அந்தப் பக்கப் பள்ளத்தாக்குகள் மட்டும் உயரத்திலேயே தங்கிவிட்டன. இங்கே நிறைய அருவிகள் அப்படி மேலே நின்றுவிட்ட பள்ளத்தாக்குகளிலிருந்துதான் விழுகின்றன. ஏழு சகோதரிகள் அருவியில் உயரமான இழை சுமார் 250 மீட்டர் நேராக விழுகிறது. பனி உருகும் மே, ஜூனில் போனால்தான் ஏழையும் எண்ணலாம், கோடை முடியும்போது சிலது வற்றிப்போகும்.

அந்த அருவிக்குப் பக்கத்திலேயே க்னிவ்ஸ்ஃப்லோ என்ற பண்ணை. தலைக்கு மேல் ஒரு பாறை எப்போது வேண்டுமானாலும் விழலாம் என்ற நிலை வந்ததால் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே இருந்தவர்கள் வீட்டைவிட்டு இறங்கிவிட்டார்கள். எதிர்க்கரையில் ஸ்காகெஃப்லோ என்ற இன்னொரு பண்ணை, தண்ணீரிலிருந்து சுமார் 250 மீட்டர் உயரத்தில். 1916 வரை அங்கே குடும்பம் நடந்திருக்கிறது! வரி வசூலிக்க ஆள் வந்தால் ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்கள் என்று ஒரு கதை சொல்கிறார்கள், குழந்தைகள் விளிம்பு தாண்டிவிடாமல் இடுப்பில் கயிறு கட்டி வைத்திருந்ததாகவும் சொல்கிறார்கள். ஏணிக் கதை எப்படியோ, அந்த விளிம்பில் நின்று பார்த்தபின் கயிற்றுக் கதையை நான் முழுசாக நம்புகிறேன்.

கெய்ராங்கரிலிருந்து கிளம்பும் சுற்றுலாப் படகில் சொன்னால் ஸ்காகெஃப்லோவுக்குக் கீழே பாறையோரம் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து மூச்சிரைக்கும் ஏற்றம், சில இடங்களில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டிருக்கிறது. மேலே போனதும் நான் அதிக நேரம் நின்றது கூரையைப் பார்த்துத்தான். மரப்பலகை மேல் பிர்ச் மரப்பட்டையை அடுக்கடுக்காகப் பரப்பி, அதன்மேல் புல்லோடு மண்ணைப் போட்டிருக்கிறார்கள். மழைநீரைத் தடுப்பது அந்தப் பட்டை, பட்டை சுருளாமல் அழுத்திப் பிடிப்பதும் குளிரைத் தடுப்பதும் மண். கூரை ஓரத்தில் பட்டையின் நுனி சாம்பல் நிறத்தில் எட்டிப் பார்க்கிறது, மேலே புல்லோடு மஞ்சள் பூவும் பூத்திருக்கிறது. ஆடு மேய்த்து, துண்டு நிலத்தில் புல் அறுத்து, தேவையானதையெல்லாம் முதுகில் சுமந்து ஏற்றி வாழ்ந்த இடம் இது. 1975இல் தொடங்கிய ஸ்டோர்ஃபியோர்ட் நண்பர்கள் சங்கம் இந்தப் பண்ணைகளைப் பழுதுபார்த்துக் காப்பாற்றி வருகிறது, இல்லையென்றால் எப்போதோ மண்ணோடு மண்ணாகியிருக்கும். மன்னர் ஹரால்டும் ராணி சோன்யாவும் 1993இல் தங்கள் வெள்ளிவிழாத் திருமண நாளை இங்கேதான் கொண்டாடினார்கள்.

மலை பயமுறுத்துவது பழங்கதை இல்லை. பக்கத்து டாஃபியோர்டில் 1934 ஏப்ரலில் பாறை சரிந்து தண்ணீரில் விழுந்தபோது எழுந்த அலையில் 40 பேர் செத்துப்போனார்கள். இப்போது சுன்னில்வ் ஃபியோர்டின் கரையில் ஓகர்நெசெட் என்ற மலைச்சரிவில் பெரிய வெடிப்பு ஒன்று வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் விரிந்துகொண்டிருக்கிறது. இரவும் பகலும் கருவிகள் வைத்துக் கண்காணிக்கிறார்கள். அது மொத்தமாக விழுந்தால் சில நிமிடங்களில் அலை ஹெல்லசில்டுக்கு வந்துவிடும் என்று தெரிந்தேதான் மக்கள் அங்கே கடை நடத்துகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். ஸ்காகெஃப்லோக்காரர்களின் பேரப்பிள்ளைகள் வேறு எப்படி இருப்பார்கள்!

பெரிய சொகுசுக் கப்பல்கள் இந்தக் குறுகலான இடத்தில் விடும் புகை எனக்குப் பிடிக்கவே இல்லை. பாரம்பரிய ஃபியோர்டுகளில் புகை விடாத கப்பல்கள் மட்டுமே வரலாம் என்று நார்வே சட்டம் போட்டிருக்கிறது, சின்னக் கப்பல்களுக்கு 2026 முதல், பெரியவற்றுக்கு 2032 முதல். பெரியவற்றுக்கும் சீக்கிரமே வந்திருக்கலாம்.

போகிறவர்கள் கப்பலில் வந்து சில மணி நேரத்தில் திரும்பாமல் ஊரில் ஒரு இரவாவது தங்குங்கள். வெளியே சாப்பாடு விலை அதிகம், கடையில் ரொட்டியும் பழுப்பு நிற ஆட்டுப்பால் சீஸும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் ஸ்காகெஃப்லோ ஏற்றத்துக்குப் போதும். நல்ல பிடிப்புள்ள ஷூ இல்லாமல் மட்டும் ஏறாதீர்கள், மழை பெய்தால் அந்தப் பாறை ரொம்பவே வழுக்கும்.