இயந்திரம் தூக்கிய காலும் அப்பா தூக்கிய காலும்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த ஐந்தாவது வாரத்தில், சென்னையில் உள்ள ஒரு மறுவாழ்வு மையத்தில் ரோபோ நடைப்பயிற்சிக்குச் சேர்த்தோம். இடது கையும் காலும் விழுந்திருந்தன. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து நிறுத்தினாலும், இடது முழங்கால் மடங்கி அப்படியே சரிந்துவிடுவார். ஒரே மாதத்தில் ரோபோ நடக்கவைத்துவிடும் என்று அந்த மையத்தின் விளம்பரம் சொன்னது, நாங்களும் நம்பினோம்.

மேலிருந்து தொங்கும் பட்டைகள் உடல் எடையின் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ள, கால்களில் கட்டப்பட்ட மோட்டார் பொருத்திய சட்டங்கள் இடுப்பையும் முழங்காலையும் மடக்கி நீட்ட, டிரெட்மில்லின் மேல் நோயாளி நடப்பதுதான் இதன் அமைப்பு. சூரிச் நகரின் பால்கிரிஸ்ட் மருத்துவமனையுடன் இணைந்து உருவான லோகோமேட் இந்த வகையில் பெயர்பெற்றது. பெர்லினில் ஸ்டெஃபான் ஹெஸ்ஸேயின் குழு உருவாக்கிய கருவி வேறு விதம். அது பாதங்களை இரண்டு பலகைகளில் ஏற்றி நகர்த்தும்.

முதல் நாள் பட்டைகளைக் கட்டி முடிக்கவே கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. உணர்வு குறைந்த தோல் உரசிப் புண்ணாகிவிடக் கூடாது என்பதற்காக, தொடைக்கும் பட்டைக்கும் நடுவே சிறு துண்டை மடித்து வைத்தார்கள். இருபத்தைந்து நிமிடம் கழித்து இறங்கும்போது திரை 1,140 அடிகள் என்று காட்டியது. பக்கவாத நோயாளிகளுக்கான 312 சிகிச்சை அமர்வுகளை நேரில் கவனித்துக் கணக்கெடுத்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. நடைப்பயிற்சி இருந்த அமர்வுகளில் சராசரியாக 357 அடிகள்தான் எடுத்துவைக்கப்பட்டன. நிற்கவே முடியாத ஒருவருக்கு ஒரே அமர்வில் ஆயிரம் அடிகள் கிடைப்பது சாதாரண விஷயமல்ல.

ஆனால் அந்த ஆயிரம் அடிகளை எடுத்துவைத்தது யார் என்ற கேள்வியை எழுப்பியவர் அங்கிருந்த இளம் பிசியோதெரபிஸ்ட். உட்கார்ந்திருந்தபோது 76 ஆக இருந்த அப்பாவின் நாடித்துடிப்பு, பயிற்சி முடிந்தபோது 82 மட்டுமே. சட்டம் காலைத் தூக்கிக் கொடுத்தால் தசை சும்மா இருந்துவிடும். நான்காவது அமர்விலிருந்து அவர் இயந்திரம் தரும் உதவியின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். "மெஷின் தூக்கட்டும்னு விட்டுடாதீங்க ஐயா, நீங்க தூக்குங்க" என்று ஒவ்வொரு நிமிடமும் சொல்லிக்கொண்டே இருந்தார். அன்று திரையில் இடது காலின் உழைப்பைக் காட்டும் கோடு தாழ்ந்து தாழ்ந்து போயிற்று. அப்பாவின் சட்டை முதுகில் நனைந்து ஒட்டிக்கொண்டது. உண்மையான பயிற்சி அன்றுதான் தொடங்கியது என்று நான் நினைக்கிறேன்.

ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே காட்டுகின்றன. ஏற்கெனவே ஓரளவு நடக்கக்கூடிய 63 பேரிடம் அமெரிக்காவில் நடந்த, 2009-இல் வெளியான ஆய்வில், ரோபோவில் பயிற்சி பெற்றவர்களைவிட வழக்கமான நடைப்பயிற்சி பெற்றவர்களே வேகத்திலும் தூரத்திலும் அதிகம் முன்னேறினார்கள். 62 ஆய்வுகளையும் 2,440 நோயாளிகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2020-ஆம் ஆண்டு மதிப்பாய்வோ, பிசியோதெரபியோடு சேர்த்து இக்கருவிகளைப் பயன்படுத்தினால் பிறர் துணையின்றி நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்றும், முதல் மூன்று மாதங்களில் இருப்பவர்களுக்கும் நடக்கவே இயலாதவர்களுக்கும்தான் பயன் மிகுதி என்றும் சொல்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. கால் ஊன்ற முடியாத கட்டத்தில் இயந்திரம் தேவை. ஊன்றத் தொடங்கிய பிறகு தரைதான் தேவை.

இருபது அமர்வுகள் முடிந்ததும் இன்னும் இருபதுக்குப் பணம் கட்டச் சொன்னார்கள். அப்பா அதற்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாகவே ஆறேழு அடி வைக்கத் தொடங்கியிருந்ததால், நாங்கள் மறுத்துவிட்டோம். இன்றைக்கும் அந்த முடிவில் எனக்கு வருத்தமில்லை.

அதன் பிறகு வந்தது கடினமான பகுதி. இதய மருத்துவர் ஈசிஜி பார்த்து அனுமதித்த பின், ரத்த அழுத்தத்தைக் கவனித்துக்கொண்டே, மூச்சு வாங்கும் அளவுக்கு அப்பாவை நடக்கவைத்தோம்: அரை நிமிடம் முடிந்த மட்டும் வேகமாக, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடியும் வேகமாக. மாடிப்படியில் பக்கத்தில் ஒருவர் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொள்ள, ஏறி இறங்கச் செய்தோம். நாடி 118 வரை போயிற்று. பக்கவாதம் வந்து ஆறு மாதத்துக்கு மேலான 55 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், இப்படி விட்டுவிட்டுத் தீவிரமாகப் பயின்றவர்கள், 12 வாரங்களில் மிதமாகப் பயின்றவர்களைவிடக் கூடுதல் தூரம் நடந்தார்கள். தீவிரம் என்றால் முதல் நாளிலிருந்தே என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் அதிகமாக எழுப்பி நடமாடவைப்பது நல்லபடி தேறும் வாய்ப்பைக் குறைக்கிறது என்று 2,104 பேரிடம் நடந்த அவெர்ட் ஆய்வு 2015-இல் காட்டியிருக்கிறது.

வீட்டுத் தாழ்வாரத்தில் பத்து மீட்டருக்குச் சாக்கட்டியால் இரண்டு கோடு போட்டிருக்கிறோம். மையத்திலிருந்து வந்த வாரம் அதைக் கடக்க அப்பாவுக்கு 31 வினாடி ஆனது, நேற்று 17. வெளியில் தெருவில் தடையின்றி நடமாட வினாடிக்கு 0.8 மீட்டர் வேகம் வேண்டும் என்பார்கள். அதாவது பன்னிரண்டரை வினாடி. காபி குடித்து முடித்ததும் இன்று மாலையும் கடிகாரத்தை எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்.