கிரவுண்ட் பிளேனை வெட்டாதீர்கள்

சர்க்யூட் போர்டில் ஒரு டிரேஸை, அதாவது சிக்னல் ஓடும் தாமிரக் கோட்டை, வரையும்போது சர்க்யூட்டில் பாதியைத்தான் வரைகிறோம். மின்னோட்டம் திரும்பி வரும் மீதிப் பாதியைக் கிரவுண்ட் பிளேன் (போர்டின் ஒரு லேயரை நிறைக்கும் கிரவுண்ட் தாமிரப் பரப்பு) பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். இஎம்ஐ (மின்காந்தக் குறுக்கீடு) சோதனையில் தோற்ற போர்டுகளில் கோளாறு பெரும்பாலும் அந்தப் பாதியில்தான் இருக்கும்.

குறைந்த அதிர்வெண்ணில் திரும்பு மின்னோட்டம் மின்தடை குறைந்த வழிகளில் பிளேன் முழுக்கப் பரவும். சில நூறு கிலோஹெர்ட்ஸைத் தாண்டிவிட்டால் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) குறைந்த வழியைத்தான் பிடிக்கும். அந்த வழி டிரேஸுக்கு நேர் கீழே இருக்கிறது. டிரேஸுக்கும் பிளேனுக்கும் இடையே 0.2 மி.மீ. இருந்தால், திரும்பு மின்னோட்டத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் டிரேஸின் இருபுறமும் 0.6 மி.மீ.-க்குள் அடங்கிவிடும். அந்த ஒடுங்கிய பட்டையைக் காப்பாற்றுங்கள். கிரவுண்டிங்கில் பெரும்பாலான வேலை அதுதான்.

பிளேனில் ஒரு பிளவு இருந்து, டிரேஸ் அதைக் குறுக்கே கடந்தால், திரும்பு மின்னோட்டம் பிளவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்தச் சுற்றுவழி 5 நானோஹென்றி கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1 நானோ செகண்டில் 20 மில்லி ஆம்பியர் மாறும் சிக்னலுக்கு அங்கே 100 மில்லிவோல்ட் எழும். பிளேனின் இரு பகுதிகளுக்கு நடுவே 100 மில்லிவோல்ட்! இரண்டு பக்கமும் கேபிள் மாட்டியிருந்தால், அவை இந்த மின்னழுத்தத்தால் இயங்கும் ஆன்டெனாவாகிவிடும். 50 மெகாஹெர்ட்ஸில் 1 மீட்டர் கேபிளில் வெறும் 5 மைக்ரோஆம்பியர் காமன்மோட் மின்னோட்டம் (கேபிளின் எல்லாக் கம்பிகளிலும் ஒரே திசையில் போவது) ஓடினாலே, 3 மீட்டர் தூரத்தில் அமெரிக்காவின் எஃப்சிசி வீட்டுச் சாதனங்களுக்கு விதித்த கிளாஸ் பி கதிர்வீச்சு வரம்பான மீட்டருக்கு 100 மைக்ரோவோல்ட்டைத் தொட்டுவிடும். கேபிளின் இம்பிடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான எதிர்ப்பு) 200 ஓம் என்று எடுத்தால், அந்த 5 மைக்ரோஆம்பியரை ஓட்ட 1 மில்லிவோல்ட் போதும்.

அதனால்தான் அனலாக் கிரவுண்ட், டிஜிட்டல் கிரவுண்ட் என்று பிளேனை இரண்டாகப் பிளந்து உயர் அதிர்வெண்ணைத் தடுக்கும் ஒரு ஃபெரைட் பீடால் இணைக்கும் பழக்கத்தை நான் எதிர்க்கிறேன். கலப்பு சிக்னல் போர்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே பிளேன் போதும். பிரிக்க வேண்டியது பாகங்கள் உட்காரும் இடத்தையும் டிரேஸ்கள் ஓடும் இடத்தையும்தான். ஏடிசியின் (அனலாக் சிக்னலை டிஜிட்டலாக்கும் சிப்) ஏஜிஎன்டி, டிஜிஎன்டி என்ற அனலாக், டிஜிட்டல் கிரவுண்ட் கால்கள் இரண்டையும் அதே பிளேனில் இறக்குங்கள். எந்த டிஜிட்டல் டிரேஸும் அனலாக் பகுதிக்குள் நுழையக் கூடாது. மின்காப்பு கட்டாயமான இடங்கள் வேறு கதை. அங்கே பிளவு வேண்டும், ஆனால் அதன் மேல் எந்த டிரேஸும் போகக் கூடாது.

யாரும் வரையாத பிளவு ஒன்றும் உண்டு. 2.54 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த பின் மையங்களின் தூரம்) கனெக்டரில், துளையைச் சுற்றித் தாமிரம் இல்லாமல் விடும் இடைவெளி வட்டத்தின் விட்டம் 2.54 மி.மீ.-ஐத் தொட்டால், பக்கத்துப் பக்கத்து வட்டங்கள் ஒட்டிக்கொண்டு நீளமான வெட்டாகிவிடும். டிஆர்சி (மென்பொருள் செய்யும் வடிவமைப்பு விதிச் சோதனை) இதைப் பிழை என்று சொல்லாது. பிளேன் லேயரை மட்டும் தனியாகத் திறந்து கண்ணால் பாருங்கள். பின்களுக்கு நடுவே தாமிரம் தெரிய வேண்டும். நெருக்கமாக வரிசையில் குத்திய வயாக்களும் (லேயர்களை இணைக்கும் தாமிரம் பூசிய துளைகள்) இதே வேலையைச் செய்யும்.

லேயர் மாறும் இடம் அடுத்த கண்ணி. 1.6 மி.மீ. நான்கு லேயர் போர்டில் பரவலான அடுக்கு சிக்னல், கிரவுண்ட், பவர், சிக்னல். இதில் மேலிருந்து கீழே இறங்கும் சிக்னலின் திரும்பு மின்னோட்டம் கிரவுண்டிலிருந்து பவருக்குத் தாவ வேண்டும். நடுவே 1 மி.மீ.-க்கு மேல் தடித்த கோர் என்ற காப்புப் பொருள். பவரையும் கிரவுண்டையும் இணைக்கும் டீகப்ளிங் கெபாசிட்டர் அருகில் இல்லாவிட்டால் திரும்பு மின்னோட்டம் போர்டெங்கும் வழி தேடி அலையும். உள்ளே இரண்டு லேயரையும் கிரவுண்டாக்கி, பவரை வெளி லேயர்களில் அகன்ற தாமிரமாக ஓட்டுவது எனக்குப் பிடித்த வழி. அப்போது ஒவ்வொரு சிக்னல் வயாவுக்கும் 1 முதல் 2 மி.மீ.-க்குள் ஒரு கிரவுண்ட் வயா குத்தினால் முடிந்தது.

கெபாசிட்டரைப் பற்றி ஒரே விஷயம். 100 நானோஃபாரட் கெபாசிட்டருக்கு மொத்த இண்டக்டன்ஸ் 1 நானோஹென்றி என்றால், சுமார் 16 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அது இண்டக்டராகத்தான் நடந்துகொள்ளும். மதிப்பை மாற்றுவதைவிட, வயாவைக் கெபாசிட்டரின் பேடை (சாலிடர் செய்யும் தாமிரத் திட்டை) ஒட்டிக் குத்தி, இடையிலுள்ள டிரேஸைச் சுருக்குவதே பலன் தரும்.

கனெக்டர்களை எல்லாம் போர்டின் ஒரே விளிம்பில் வையுங்கள். எதிரெதிர் விளிம்புகளில் கேபிள் மாட்டினால், பிளேனில் உள்ள மின்னழுத்தம் முழுவதும் அந்த இரண்டு கேபிளுக்கும் நடுவே வந்துவிடும். உலோகப் பெட்டி இருந்தால் போர்டு கிரவுண்டை அதோடு கனெக்டர்களுக்கு அருகிலேயே இணையுங்கள், நீண்ட ஒயரால் அல்ல. ஒரு சென்டிமீட்டர் ஒயரே ஏறத்தாழ 10 நானோஹென்றி.

இரண்டு லேயர்தான் முடியும் என்றால், கீழ் லேயரை முழுக்கக் கிரவுண்டுக்குக் கொடுங்கள். தவிர்க்க முடியாமல் கீழே இறங்கும் டிரேஸ் சில மில்லிமீட்டரில் மீண்டும் மேலே ஏறிவிட வேண்டும். மேலே ஊற்றிய தாமிரத்தைக் கீழ்ப் பிளேனோடு வயாக்களால் தையுங்கள். போர்டு செய்யும் எஃப்ஆர்4 பொருளில் 1 கிகாஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 145 மி.மீ.; அதில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 7 மி.மீ.-க்கு ஒரு வயா. வயா குத்த இடமில்லாத தாமிரத் துண்டுகளை அழித்துவிடுங்கள்.