எல்ஃப் சைலன்சர் சொட்டு: மூணாம் நம்பர் குழியில ஒட்டிக் கெடந்த வாசர்

மூணு வாரமா தூக்கத்தக் கெடுத்த சொட்டு ஒருவழியா நின்னுருச்சு, அந்த சந்தோஷத்துலதான் எழுதுறேன். வண்டி பெரியப்பாவோட பழைய இசுசு எல்ஃப் லாரி, நாலு சிலிண்டர் 4பிடி1 டீசல் இஞ்சின், டர்போ கெடையாது. பெகுலேர்ந்து ரங்கூன் பயின்னாங் சந்தைக்கு உளுந்து ஏத்திக்கிட்டு போகும், ஞாயித்துக்கிழமை ஆனா என் கைக்கு வந்துரும்.

முதல்ல கவனிச்சது தம்பி. இங்க பர்மாவுல 1970ல ரோட்ட வலது பக்கம் மாத்திட்டாங்க, வண்டிங்க பெரும்பாலும் ஜப்பான் பழசு, ஸ்டீரிங்கும் வலது பக்கம்தான், அதனால ஓவர்டேக் பண்ண இடது பக்கம் ஒரு ஆளு உக்காந்து எதிர்ல வர்றத பாத்துச் சொல்லணும். அந்த வேலை தம்பிக்கு. டீக்கடையில நிறுத்துனப்ப கீழ குனிஞ்சு பாத்துட்டு "அண்ணே, மேனிஃபோல்டும் பைப்பும் சேர்ற எடத்துல கருப்பா வழியுது, சைலன்சர்லயும் சொட்டுது"ன்னான். (மேனிஃபோல்டுன்னா நாலு சிலிண்டர் புகையையும் சேத்து பைப்புக்கு விடுற இரும்புக் குழாய்.)

காலைல குளிர்ல ஸ்டார்ட் பண்ணா கொஞ்ச நேரம் கருப்புத் தண்ணி சொட்டத்தான் செய்யும். ஒரு லிட்டர் டீசல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வெளிய போகுது, பைப் சில்லுன்னு இருந்தா அது தண்ணியா மாறி கரியோட சேந்து வழியுது. அதுக்காக இஞ்சினப் பிரிக்கக் கூடாது. ஆனா இது 50 மைல் ஓடி சூடா வந்து நின்ன பெறகும் சொட்டுச்சு. அட்டைப்பெட்டிய கிழிச்சு அடியில வெச்சேன். தண்ணின்னா காஞ்சு கரி மட்டும் நிக்கும். இது மறுநாளும் காயல, கருப்பு நடுவுல இருக்க சுத்தி எண்ணெய் வட்டம் பரவி அட்டையே கண்ணாடி மாதிரி ஆயிருச்சு, விரல்ல தேச்சா இஞ்சின் ஆயில் பிசுக்கு இல்ல, மோந்தா எரியாத டீசல் வாடை.

பட்டறை சயா (மேஸ்திரி) ஒருத்தரு பாத்த உடனே இஞ்சின் ஹெட்டுக்கு அடியில இருக்குற கேஸ்கட் போச்சு, பிஸ்டன் ரிங்கும் போச்சு, இஞ்சின எறக்கணும்னாரு. எனக்கு மனசு ஒப்பல. ரேடியேட்டர் தண்ணி ரெண்டு வாரமா ஒரு சொட்டு கொறையல, மூடியத் தொறந்து ஓட விட்டா குமிழியும் வரல. ஆயிலும் கொறையல, டிப் ஸ்டிக்க உருவிப் பாத்தா ஊத்தாமயே கோட்டுக்கு மேல ஏறி நிக்குது, அதுலயும் டீசல் வாடை. அப்ப எரியாத டீசல் ஒரு பக்கம் சைலன்சருக்குப் போகுது, இன்னொரு பக்கம் ரிங் வழியா அடியில ஆயில் நிக்கிற சம்புக்கு எறங்குது.

ஐடிலிங்ல விட்டு ஒவ்வொரு நாசில் (சிலிண்டருக்குள்ள டீசல் அடிக்கிற முனை) பைப் நட்டையும் 17 ஸ்பேனரால அரைத் திருப்பு லூஸ் பண்ணேன், அப்ப அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது. (துணி சுத்திப் பண்ணுங்க, கைய நேரா காட்டாதீங்க, அந்த பிரஷர்ல டீசல் தோலுக்குள்ள பாஞ்சுரும்.) ஒண்ணாம், ரெண்டாம், நாலாம் நம்பர்ல லூஸ் பண்ணப்ப இஞ்சின் உடனே நொண்டுச்சு. மூணாம் நம்பர்ல ஒரு மாற்றமும் இல்ல. மேனிஃபோல்ட்ல தண்ணி தெளிச்சா மத்த மூணும் சுர்ருன்னு வாங்குது, மூணாவது மெதுவா ஆவியாகுது.

நாசில கழட்டுனேன், அடியில காப்பர் வாசர் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. சரின்னு புது வாசர் போட்டு மாட்டியிருந்தா திரும்ப அதே சொட்டுதான் வந்திருக்கும். சந்தேகத்துல ஒரு மூங்கில் குச்சிய குழிக்குள்ள விட்டு ஆழத்த கோடு போட்டேன், ரெண்டாம் நம்பரையும் கழட்டி அதே குச்சிய விட்டேன். மூணாவது குழி ஆழம் கம்மி, கிட்டத்தட்ட ஒரு வாசர் கனம்! டார்ச் அடிச்சுப் பாத்தா கருப்பா, வாசர் உக்கார்ற அடி சீட்டு மாதிரியே தெரியுது, சுரண்டுனா செம்பு மின்னுது. முன்னாடி எவனோ பழைய வாசர எடுக்காமயே அது மேல புதுச போட்டு இறுக்கியிருக்கான். நாசில் முனை அவ்வளவு மேல நின்னா டீசல் பிஸ்டன் குழிக்குள்ள விழாம தப்பான எடத்துல அடிக்குது, அப்பறம் எப்படி எரியும்?

அத வெளிய எடுக்கவே ரெண்டு ஞாயிறு போச்சு. சைக்கிள் கம்பிய வளைச்சு கொக்கி பண்ணேன், கம்பி நிமிந்துருச்சு. அரத்து வால வெச்சு நெம்பப் போனேன், சீட்டுல கீறல் விழுந்துருமோன்னு பயந்து நிறுத்துனேன். கடைசியில நல்லா காஞ்ச மூங்கில கூம்பா சீவி, வாசர் ஓட்டையில வெச்சு சின்ன சுத்தியால நாலு தட்டு, கடைசி தட்டுல சத்தம் 'டொக்'லேர்ந்து 'டிக்'குன்னு மாறுச்சு, அதான் பிடிச்சதுக்கு அடையாளம். அப்பறம் இழுக்காம இடதும் வலதும் கால் கால் திருப்பா ஆட்டிக்கிட்டே இருந்தேன், பத்து நிமிஷம் இருக்கும், மெழுகு விட்ட மாதிரி கழண்டு குச்சியோட வந்துச்சு. குச்சி முனையில கிரீஸ் தடவி கரிய ஒத்தி எடுத்து, ஸ்டார்ட்டர ரெண்டு சுத்து சுத்தி மிச்சத்த ஊதித் தள்ளுனேன். அந்த வாசர பத்திரமா டப்பாவுல வெச்சிருக்கேன்.

பம்ப் கடையில டெஸ்டர்ல போட்டா நாசிலும் முனையில சொட்டு விடுது, அதனால அதையும் மாத்தியாச்சு. ரங்கூன் தான்ஸே சந்தைப் பக்கம் நாசில் வாங்குறவங்க பழைய நாசில கையோட எடுத்துட்டுப் போங்க, மேல பொறிச்ச நம்பர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். ஒரு கடையில பெட்டி மேல ஒரு நம்பர், உள்ள வேற நம்பர், திருப்பிக் குடுத்தா வாங்க மாட்டேன்னுட்டாங்க, அந்தக் காசு போனது போனதுதான். புது வாசர் கெடைக்கலைன்னா பழசயே செவக்க சுட்டு தண்ணில போட்டா செம்பு இளகிரும், நான் ரெண்டாம் நம்பருக்கு அப்படித்தான் போட்டேன். டீசல் கலந்த ஆயில மாத்தாம மட்டும் வண்டிய எடுக்காதீங்க.

லோடு ஏத்தி ரங்கூன் போயிட்டு வந்தப்ப முதல் 20 மைல் சைலன்சர்ல கெடந்த பழைய டீசல் எரிஞ்சு வெள்ளப் புகையா வந்துச்சு, அப்பறம் சுத்தம். இன்னிக்குக் காலைல வெச்ச அட்டை மத்தியானம் காஞ்சு வெறும் கரிப்புள்ளிதான் இருந்துச்சு. மேனிஃபோல்ட் கேஸ்கட் இன்னும் மாத்தல, லேசா 'புஸ்'ஸுன்னு ஊதுது. அதுக்கு முன்னாடி ஒண்ணு, நாலு குழி ரெண்டையும் ஆழம் பாக்கணும், முன்னாடி வேலை பாத்த அதே கை அங்கயும் பழைய வாசர விட்டிருக்கலாம். மூங்கில் சீவி வெயில்ல காயுது.